ஆபரேசன் காந்தல்

எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் வயதாகி மாதவிடாய் நின்றதில்லை. எல்லாருக்கும் ஆபரேசன்தான் நிறுத்தியது. நாற்பத்தைந்திலோ ஐம்பதிலோ தூரம் நின்றுபோனால், பதினைந்து வருடங்களுக்கு முன் செய்துகொண்ட கருத்தடை ஆபரேசன் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்பார்கள். நெஞ்சிலிருந்து தலைக்கு நெருப்பு ஏறி, ரவிக்கை நனைந்து, அரை நிமிடத்தில் குளிர் எடுத்தால் அதற்கும் அதே காரணம். அதற்குப் பெயரே ஆபரேசன் காந்தல். தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுவது, மறதி, முழங்கால் பிடிப்பு, புருசனைக் கண்டால் எரிந்து விழுவது எல்லாம் அதிலேயே சேர்ந்தன. புருசனைக் கண்டு எரிந்து விழுவதற்கு ஆபரேசன் எதற்கு என்று நான் கேட்டதுண்டு. எனக்குப் புருசன் இல்லாததால் அந்தக் கேள்விக்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை.

இப்படி நினைத்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், இரண்டாவது மூன்றாவது பிள்ளை பிறந்ததும் பெண்களை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிலர் விரும்பிப் போனார்கள். மற்றவர்களை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உள்ளே என்ன செய்தார்கள் என்று ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை. எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாத உடம்பில் பிறகு எது நடந்தாலும் அந்த வெட்டைத்தானே சொல்வார்கள். ஒரே லொறியில் போனவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரிகள். அதனால் காந்தலும் எல்லாருக்கும் ஒரே காலத்தில் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆபரேசன் செய்யாத ஒரு பெண் அந்த வயதில் தோட்டத்தில் இல்லை, என்னைத் தவிர.

நான் பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் நீளமான தகரக் கொட்டகைதான் பிள்ளை மடுவம். தொட்டில் ஆட்டுவது, பால் கரைப்பது, மூக்குத் துடைப்பது என் வேலை. எழுபத்துநாலு பஞ்சத்தில், தோட்டத்தில் கோதுமை மா கூடச் சரியாகக் கிடைக்காத நாட்களில், கண்டியில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போனேன். நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தேன். கல்யாணம் நடக்கவில்லை. கேட்டு வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த ஒருவன் கேட்டு வரவில்லை. அம்மா போன பிறகு லயத்து வரிசை வீடுகளில் தம்பிக்குக் கொடுத்திருந்த காம்பராவில், அவனோடும் அவன் மனைவியோடும் இருந்தேன். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். வருடக்கணக்காக ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். வாய்ச்சண்டை நிறையப் போட்டிருக்கிறோம். ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

எங்களுடையது இறப்பர் தோட்டம். விடியும் முன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு, இருட்டு விலகும்போதே மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பால் வெட்ட வேண்டும். பிறகு சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி நிறுவைக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சரிவு சருகும் சேறுமாகக் கிடக்கும். காந்தல் ஏறித் தலை சுற்றும்போது நிறைந்த வாளியோடு அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தம்பி மனைவி சொல்லித்தான் தெரியும். டிஸ்பென்சரியில் இருந்த வயதான ஐயா இரக்கமுள்ளவர். காந்தல் என்று போய் நின்றால் ‘ஆபரேசன்’ என்று எழுதி ஒரு துண்டு கொடுப்பார். அதைக் காட்டினால் மலைக்குப் போக வேண்டாம். நாற்று மேடையில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பலாம். அப்படித் துண்டு வைத்திருந்தவர்கள் பதினொரு பேர். தம்பி மனைவியும் அவர்களில் ஒருத்தி.

எனக்கு முதல் காந்தல் வந்தது ஒரு மழை நாளில், தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வரும் பத்து மணி நேரத்தில். எல்லாரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் கழுத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். முகம் சிவந்து போயிருந்ததாம். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அந்த மாதத்திலேயே இன்னும் நாலைந்து முறை அவர்கள் கண்ணெதிரில் வந்தது. வீட்டில் தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

காந்தல் ஆபரேசனால் வருவது. ஆயாவுக்குக் காந்தல் வந்திருக்கிறது என்றால் ஆபரேசன் நடந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்கு ஆபரேசன்? இரண்டு கிழமைக்குள் கதை முழுதாகிவிட்டது. கண்டியில் எனக்கு ஒரு பிள்ளை பிறந்ததாம். வீட்டுக்காரர்கள் அதை யாருக்கோ கொடுத்துவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேசன் செய்துவிட்டார்களாம். கண்டி ஆஸ்பத்திரியில் நான் மூன்று நாள் கிடந்தது வரைக்கும் கதையில் இருந்தது. கிடந்தது உண்மைதான், காய்ச்சலுக்காக. அதை எங்கள் காம்பராவுக்கு வெளியே சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நாங்கள் வேதக்காரர். ஒக்டோபர் மாதத்தில் மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு காம்பராவில் வைத்துச் செபமாலை சொல்வோம். அந்த வருடம் மாதாவை எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த காம்பராவுக்குத் தூக்கிப் போனார்கள். தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அதற்கடுத்த கிழமை இரண்டு தாய்மார் பிள்ளைகளை மடுவத்தில் விடுவதை நிறுத்தினார்கள். இன்னும் இரண்டு பேர் நிறுத்தினால் ஆயாவை மாற்றச் சொல்லி ஆபீசுக்குப் பேச்சுப் போகும். எனக்கு வேறு வேலை தெரியாது, போய் இருக்க வேறு இடமும் கிடையாது. இத்தனைக்கும் அவர்களுடைய மூத்த பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவள் நான்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். நானே சந்தேகப்பட்டேன். காய்ச்சலுக்குப் போன இடத்தில் எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்துவிட்டார்களோ என்று நினைத்தேன். லொறியில் போனவர்களுக்கே ஒன்றும் சொல்லாதவர்கள், காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தவளுக்கா சொல்லியிருப்பார்கள்? தம்பி வேலைக்குப் போன பிறகு, அவன் சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு என் வயிற்றைத் தேடினேன். இடுப்பின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துப் பாவாடையைக் கட்டும்போதுதான் நாடா சரியாக அந்தக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடம் இறுக்கிக் கட்டிய தழும்பு. அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுவது என்று ஒரு சனிக்கிழமை மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

யுத்தம் நடந்து, சந்திக்குச் சந்தி சோதனை இருந்த காலம் அது. பலாபத்வலயில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களை ஒரு தகர மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்த நேரம் பார்த்துக் காந்தல் ஏறியது. காலைக் குளிரில் மற்றவர்கள் சால்வையோடு நிற்க, என் முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சோதித்த இளம் பொலிஸ்காரி ஏன் இப்படி வேர்க்கிறது, எதற்குப் பயப்படுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு என் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். வாய் திறந்தால் நடுக்கமும் சேர்ந்து வரும் என்று நான் பேசாமல் நின்றேன். அது இன்னும் தப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு வயதில் கூடிய இன்னொரு பொலிஸ்காரி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வயதைக் கேட்டாள். ஐம்பதாகப் போகிறது என்றேன். அவள் சிரித்துவிட்டாள். விடு, என் அம்மாவுக்கும் இப்படித்தான் என்று மற்றவளிடம் சொன்னாள். லக்கலயில் சேனைப் பயிருக்குக் காவல் நிற்கும்போது மார்கழிக் குளிரிலும் அம்மா ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பாளாம். நான் பையைப் பொறுக்கிக்கொண்டே, அம்மாவுக்கு ஆபரேசன் செய்தார்களா என்று கேட்டேன். என்ன ஆபரேசன் என்றாள். பிள்ளை பெறாமல் இருக்கச் செய்வது என்றேன். அம்மாவுக்கு நாங்கள் எட்டுப் பேர், எங்கள் ஊருக்கு பஸ்ஸே ஒழுங்காக வராது, ஆபரேசனுக்கு எங்கே போவது என்று சொல்லி என்னைப் போகச் சொன்னாள். பஸ்ஸில் மீதி வழி முழுவதும் எட்டுப் பிள்ளை, எட்டுப் பிள்ளை என்று செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கடைசியாக எப்போது தூரம் வந்தது என்று கேட்டார். பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை என்றேன். வயிற்றைப் பார்த்து, அழுத்திப் பார்த்து, யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றார். சூல்பை வேலையை நிறுத்துகிற வயது இது. அதிலிருந்து சுரப்பது குறையும்போது உடம்புக்குத் தன் சூட்டைச் சமாளிக்கத் தெரியாமல் போகும், தூக்கம் கெடும், மனம் சட்டென்று உடையும். கொஞ்ச வருடத்தில் பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் எலும்பு உள்ளுக்குள் இளைத்துக்கொண்டே போகும், அதனால் நெத்தலியை முள்ளோடு தின்னுங்கள், கீரை, பால் சேருங்கள், விழாமல் நடங்கள் என்றார். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் அன்றைக்கே வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஆபரேசன் செய்தவர்களுக்கு எதனால் என்று கேட்டேன். அவர்களுக்கும் இதேதான், குழாயைத்தான் கட்டியிருப்பார்கள், அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் தூரம் வந்திருக்குமே என்றார். வந்ததுதான். பதினைந்து வருடம் வந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்திக்கும் அதை யோசிக்கத் தோன்றவில்லை.

எனக்கு ஆபரேசன் நடக்கவில்லை என்று ஒரு துண்டு எழுதித் தரச் சொன்னேன். அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“மதினி, இத வெளிய சொல்லாதீங்க” என்றாள். “ஆபரேசன்னு சொல்லித்தான் ஐயா துண்டு குடுக்கிறாரு. வயசுன்னா யாரு குடுப்பா?”

“அப்ப எம் பேரு?”

“ஒங்க பேரு போனாலும் நீங்க மடுவத்துலதான் இருப்பீங்க. எங்க துண்டு போனா நாங்க மலைக்குப் போகணும்.”

அவள் சொன்னதில் பாதி பொய். என் பெயர் போனால் மடுவமும் போகும் என்பது அவளுக்கும் தெரியும். மறு பாதி உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அன்று சாப்பிடாமல் படுத்தேன். அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநாளுக்குச் சாமியார் வரும்போது அவர் வாயால் சொல்ல வைக்கலாம், கோயிலில் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் எப்படியிருக்கும் என்று நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் வருவதற்குள், பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியாகப் புதிய சின்னத்துரை வந்தார். பால் வெட்ட ஆள் போதாமல், நாற்று மேடையில் பதினொரு பேர் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் துண்டுக்காரிகளை மட்டும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார். ஆபரேசன் செய்து இத்தனை வருடத்துக்குப் பிறகு என்ன நோய் என்றார். டிஸ்பென்சரி ஐயா பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் மடுவத்துக்குப் பால்மா வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். கணக்கப்பிள்ளை என்னைக் காட்டி, இந்த ஆயாவுக்கும் இதே காந்தல் இருக்கிறது, கல்யாணம் கூட ஆகவில்லை என்று இளித்தார். சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு ஆபரேசன் செஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அவர்கள் துண்டு நிலைக்கும். ஊர் சொன்ன கதையை நானே ஒப்புக்கொண்டதாகும். இல்லை என்றால் என் மேலிருந்த அழுக்கு அந்த இடத்திலேயே கழுவப்படும். தம்பி மனைவி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லீங்க ஐயா” என்றேன். “எனக்கு வயசு. இவங்களுக்கும் வயசுதான். இந்த வயசுல தல சுத்தும், எலும்பு எளைக்கும்னு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க. வயசுக்குன்னு ஒரு துண்டு எழுதச் சொல்லுங்க.”

கடைசி வாக்கியத்தை அன்று அங்கேயே யோசித்துச் சேர்த்தேன். அதைச் சேர்த்ததால் என் மனம் சுத்தம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னத்துரை டிஸ்பென்சரி ஐயாவைப் பார்த்தார். வயதுக்கு அப்படித் துண்டு எழுத வழியில்லை, முடியாதவர்கள் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போகலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். மறுநாள் பதினொரு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

நிறுத்திய இரண்டு தாய்மாரும் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்தி மன்னிப்புப் போல ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன், நன்றாக இருந்தது. என் பெயர் சுத்தமாகிவிட்டது. அந்தப் பதினொரு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். வீட்டில் தம்பி மனைவி வழக்கம்போலச் சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், பேசவும் பேசினாள். ஆனால் காந்தலைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்த இரவுகள் உண்டு. அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்த மழையில் அவள் வாளியோடு சரிவில் விழுந்தாள். அப்படியொன்றும் பெரிய விழுகை இல்லை. கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்தான் மாத்தளைக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டரம்மா இல்லை, வேறொருவர். இந்த வயதில் இப்படித்தான் முறியும் என்று அவரும் சொன்னார். கை முறிந்ததற்குத் தோட்டத்தில் அன்றைக்கே துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அவள் மகள் கொழும்பில் கார்மண்ட் தையல் வேலையில் இருந்தாள். சோறு பிசைந்து கொடுப்பது, சேலை கட்டிவிடுவது, தலை கழுவிவிடுவது எல்லாம் என் பாடாயிற்று. அவளைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்ச்சி என்னைத் தின்றது. மடுவத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் அவளைக் கல்லில் உட்காரவைத்துத் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டு நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அன்றைக்கு நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும், உன் கையை முறித்தது நான்தான் என்று சொன்னேன். மூன்று மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டதில் எனக்கு அழுகை வந்தது.

அவள் தலையைத் தூக்கவில்லை.

“அந்தக் கண்டிக் கதைய மொதல்ல சொன்னது நான்தான் மதினி” என்றாள். “ஒங்களுக்குக் காந்தல்னு நீங்க வந்து சொன்ன அன்னிக்கே எனக்கு வெளங்கிருச்சு. ஆபரேசன் இல்லாத ஆளுக்கும் வருதுன்னு தெரிஞ்சா எங்க துண்டு போயிரும்னு பயந்துட்டேன். ஒங்களுக்கும் செஞ்சிருக்குன்னு சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா எனக்குச் சொல்வதற்கு முன்பே, ஒருவரும் சொல்லாமலேயே, அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மாதாவை எங்கள் வாசலைத் தாண்டித் தூக்கிப் போனபோது என் பக்கத்தில் நின்று அவளும் அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அப்படியே அந்தக் கல்லில் விட்டுவிட்டுப் போயிருப்பேன். தலை நிறையச் சோப்பு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக் கையால் அதைக் கழுவ அவளால் முடியாது.

நன்றாகக் குனி என்று சொல்லிவிட்டு, தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.